எல்லைக்கல்லில் நின்ற புரவி

ஊரணிப்பட்டியில் ஆவுடையப்பனை ஆவுடையப்பன் என்று கூப்பிட்டவர்கள், ஆஜர் எடுக்கிற வாத்தியாரும் அவனைப் பெற்ற ஆத்தாளும்தான். மற்ற எல்லோருக்கும் அவன் 'நூறு'. "ஏ நூறு, எங்க செவலை மாடு இங்கிட்டு வந்துச்சாடா?" என்று கேட்பார்கள். "நூறு வாரான், தள்ளி நில்லுங்கடா, மேல பட்டா அறிவு ஒட்டிக்கிரும்" என்று குளத்தங்கரையில் கேலி பேசுவார்கள். கேலிதான். ஆனாலும் ஊரில் எவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும், முதல்நாள் அந்தச் சிலேட்டை ஆவுடை கையால் ஒரு தடவை தொட்டு வாங்கிக்கொண்டுதான் அன்னவாசல் பக்கம் நடப்பார்கள். அவனுக்குக் கூச்சமாக இருக்கும். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

கணக்கில் அவன் நூற்றுக்கு நூறு வாங்காத பரீட்சை ஒன்றே ஒன்றுதான். எட்டாம் வகுப்பு அரையாண்டில் தொண்ணூற்றெட்டு வந்தது. அவன் அப்பா அய்யாக்கண்ணு அன்றைக்கு அடிக்கவில்லை, திட்டவில்லை. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது, எண் மட்டும் தெரியும். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிச்சம் ரெண்டு எங்கப்பா?" என்று கேட்டார். மேய்க்கக் கொண்டுபோன ஆட்டில் இரண்டு குறைந்தால் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார். பிறகு கையைக் கழுவாமல், தட்டைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் வெறும் வயிற்றோடு ஏர் பூட்டினார். அடித்திருந்தால் வீக்கம் வடிந்திருக்கும், மறந்திருப்பான். ஒரு மனிதன் நமக்காகப் பட்டினி கிடந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அன்றிலிருந்து ஆவுடை படித்தது மார்க்குக்காக இல்லை, அப்பா சோறு தின்ன வேண்டுமே என்பதற்காக.

அவன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. ஊரில் அய்யனாருக்குப் புரவியெடுக்கவும் அந்த வருஷம்தான் வாய்த்தது. மழை பொய்த்த வருஷம் நெல் இல்லை என்று திருவிழா நிற்கும். நெல் விளைந்த வருஷம் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் பேச்சு இல்லை என்று நிற்கும். இரண்டும் ஒத்துவந்த அதிசயம் அந்த வருஷம் நடந்தது. மாடு பிழைத்தவன், மூட்டுவலி தீர்ந்தவள் எல்லாம் ஆளுக்கொரு சின்ன மண்குதிரை நேர்ந்துகொண்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அய்யாக்கண்ணு எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். "என் மகன் பெரிய பரீச்சையில கணக்குல நூத்துக்கு நூறு வாங்குறதுக்கு அய்யனுக்குப் பெரிய புரவி என்னோடது" என்றார். வாங்கினால் என்று கூட அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் விட்டதை ஆவுடை கவனித்தான்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. நேர்ந்துகொண்டவன் குளத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, மண்குதிரை செய்கிற வேளார் கையில் கொடுக்க வேண்டும். பிடிமண் என்று அதற்குப் பெயர். அது கைமாறிவிட்டால் குதிரை பிறந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தவனுக்கும் உரிமை இல்லை, செய்கிற வேளாருக்கும் இல்லை.

கடைசிப் பரீட்சை கணக்கு. புதுக்கோட்டையில் எழுதிவிட்டு ஆவுடை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான். எல்லாக் கணக்கும் போட்டாயிற்று, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தும் ஆயிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்று வாங்கினான். அவன் நீட்டிய ஒரு ரூபாய்க்குக் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, ஒரு அரை ரூபாயையும் ஒரு புது நாணயத்தையும் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா தம்பி, எழுபத்தஞ்சு. சரியாப் பாத்துக்க. முக்கா ரூவான்னா பன்னெண்டணான்னு எங்கிட்டச் சண்டைக்கு வராத" என்றார்.

முந்தின வருஷம்தான் ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்திருந்தது. ஆவுடையின் கையில் காசு சில்லிட்டது. வட்டிக் கணக்கு ஒன்றுக்கு விடை ஐந்தே முக்கால் ரூபாய். ஐந்து எழுதி, புள்ளி வைத்து, முக்கால் ரூபாய்க்கு அவன் கை என்ன எழுதியது? பன்னிரண்டு. சந்தைக்குப் போன நாளிலிருந்து முக்கால் என்றால் பன்னிரண்டுதானே. ஐந்து புள்ளி பன்னிரண்டு. இரண்டு தடவை சரிபார்த்தபோதும் கண் அதைச் சரி என்றுதான் சொன்னது. கணக்கே தெரியாதவன் கூடச் செய்யமாட்டான் இந்தக் காரியத்தை. அன்னவாசல் வருகிற வரைக்கும் அவன் அந்தக் காசை மூடிய கையைத் திறக்கவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஊர் எல்லையில் அப்பா நின்றார். வலதுகை நிறையக் குளத்துச் சகதி காய்ந்து வெடித்திருந்தது.

"குடுத்துட்டேன்டா" என்றார். "இன்னைக்கு நாள் நல்லா இருக்குன்னாரு வேளாரு. பிடிமண்ணு குடுத்தாச்சு."

பரீட்சை எப்படி எழுதினாய் என்று அவர் கேட்கவே இல்லை. மகன் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நாக்கு நுனிவரை வந்த சொல்லை ஆவுடை முழுங்கினான்.

ஆண்டிச்சாமி வேளாரின் வீட்டு முற்றத்தில் குதிரை வளரத் தொடங்கியது. ஆவுடைக்கு அங்கே போகப் பயம். போகாமல் இருக்கவும் முடியவில்லை. முதலில் நாலு கால்கள் மட்டும் நின்றன, ஒவ்வொன்றும் உரல் பருமன். பிறகு அந்தக் கால்களின் மேல் வயிறு வந்தது. கன்றுக்குட்டி ஒன்று தாராளமாக உள்ளே படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய வயிறு. வேளாரும் அவர் மனைவியும் மண்ணையும் உமியையும் மிதித்துத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றினார்கள். கழுத்து எழுந்தது. கழுத்தில் மணிகள், மார்பில் சலங்கை மாலை, நெற்றியில் பட்டம். கடைசியில் தலை. அது வந்த அன்றைக்கு ஆவுடை அண்ணாந்து பார்த்தான், கையைத் தூக்கி எம்பினாலும் அதன் தாடையைத் தொட முடியவில்லை. அவன் குனிந்து போட்ட ஒரு கணக்குக்கு இவ்வளவு பெரிய சீவனா? எட்டு வீடு கட்டுகிற மண்ணைத் தின்றுவிட்டு நிற்கிறது, இன்னும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மூடிக் கிடந்தது. அந்த மூடிய முகம் அவனைத்தான் பார்க்கிறது என்று அவனுக்குப் பட்டது.

"ஏன் வேளாரே, சூளையில இது வெடிச்சிருமா?" என்று கேட்டான்.

"வெடிச்சாலும் வெடிக்கும். வெடிச்சா அய்யனுக்கு வேண்டாம்னு அர்த்தம். நீ ஏன்டா கேக்குற? ஓம் புரவி வெடிக்காது" என்று சிரித்தார் வேளார்.

அந்தப் பதிலைத் தவிர அவனுக்குப் பிடிமானம் இல்லை. சுடுகிற அன்றைக்கு, நின்ற இடத்திலேயே குதிரையைச் சுற்றி விறகும் எருமுட்டையும் வைக்கோலும் அடுக்கினார்கள். தலைவரை மூடி நெருப்பு வைத்தார்கள். ஊரே கூடி நின்றது. மற்றவர்கள் எல்லாம் குதிரை நல்லபடி வரவேண்டும் என்று கும்பிட்டார்கள். அவன் ஒருவன் மட்டும், வெடித்துவிடு சாமி, வெடித்துத் தொலைந்துவிடு, எங்கப்பாவைப் பொய்க்காரர் ஆக்காதே என்று கும்பிட்டான். தீ மேலே ஏறியபோது குதிரை அசைகிற மாதிரி தெரிந்தது. சாம்பலை விலக்கிய காலையில் அது செக்கச்செவேலென்று, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. வேளாரே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "என் ஆயுசுல இப்படி ஒண்ணு வந்ததில்ல" என்றார். ஆவுடை சாம்பலைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அய்யன் வேண்டும் என்றல்லவா சொல்லிவிட்டார்.

இனி அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அப்பா அகப்பட வேண்டுமே. அவர் தரையிலேயே நடக்கவில்லை. மாமன் மச்சான் ஊருக்கெல்லாம் போய் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தார். ஆத்தா ராசாத்தி அடுப்படியில் நின்று, "ஒங்கப்பா சிரிக்கும்போது முன்பல்லு தெரியும்ங்கிறதே எனக்கு மறந்துபோச்சுடா" என்றாள். இதற்குப் பிறகு எப்படிச் சொல்லுவான்? பரீட்சை முடிவு வர இன்னும் நாள் இருந்தது. "ரிசல்ட் என்னத்துக்கு? அது கவர்மெண்டு வேலை. அவன் எழுதி முடிச்சப்பவே மார்க்கு வாங்கியாச்சு" என்று அய்யாக்கண்ணு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வைகாசியில் புரவியெடுப்பு. வெயில் சாயத் தொடங்கியதும் கொட்டும் நாயனமும் கிளம்பின. சுண்ணாம்பு பூசி வெள்ளையாக நின்றது குதிரை. சிவப்பிலும் மஞ்சளிலும் சேணம் எழுதியிருந்தார்கள். அடியில் நீள மரங்கள் கட்டி ஊர் ஆண்கள் எல்லாம் தோள் கொடுத்தார்கள். முன்மரத்தில் அய்யாக்கண்ணு. அவருக்குப் பின்னால் ஆவுடையின் தாய்மாமன் கருப்பன், சந்தை மூட்டையே தூக்காத மனிதர், அன்றைக்கு மருமகனுக்காக மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருந்தார். குலவைச் சத்தத்தில் அவர்கள் ஒரே மூச்சாக எழுந்தபோது குதிரை வானத்தில் ஏறியது. புளியமரக் கிளைகள் அதன் காதை உரசின. மண்ணால் செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் கை தானாகக் குவிந்தது. அந்தக் குதிரைக்கு முன்னால், மாலை போட்டு, ஈர வேட்டியோடு ஆவுடை நடந்தான். அவன் பெயருக்குத்தானே புரவி.

கோயில் காட்டின் ஓரத்தில் எல்லைக்கல் இருக்கிறது. அங்கேதான் வேளார் மறிப்பார். அந்த நேரத்தில் அவர் வேளார் இல்லை, அய்யனின் பூசாரி. ஒவ்வொரு புரவியையும் நிறுத்தி, எதுக்குப் புரவி என்று கேட்பார். அய்யன் கொடுத்தது என்னவோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மையைத் தொட்டுக் கண் திறப்பார், புரவி உள்ளே போகும். சொல்லாத புரவி கல்லைத் தாண்டக் கூடாது. தூக்கிய புரவியை வெளியே தரையில் வைக்கவும் கூடாது, வந்த வழியே திருப்பவும் கூடாது.

தலையில் சின்னக் குதிரைகளோடு போனவர்கள் வரிசையாகச் சொன்னார்கள்.

"எதுக்குப் புரவி?"

"பசுமாடு கன்னு போட்டுப் பொழைச்சதுக்கு."

"எதுக்குப் புரவி?"

"மருமக சண்டை போடாம இருக்கிறதுக்கு" என்றாள் ஒரு கிழவி. கூட்டம் சிரித்தது, மருமகளும் சிரித்தாள். வேளார் சிரிக்காமல் கண் திறந்து அனுப்பினார்.

பெரிய புரவி வந்து நின்றது. கொட்டு தணிந்தது. வேளார் ஆவுடையின் நெற்றியில் திருநீற்றைப் பூசினார்.

"யாரு பேருக்குப் புரவி?"

"ஆவுடையப்பன் பேருக்கு."

"எதுக்குப் புரவி?"

நூறு என்று ஒரு சொல். சொன்னால் கொட்டு முழங்கும், அப்பா சிரிப்பார், ரிசல்ட் வருகிறவரை எல்லாம் நன்றாக இருக்கும். அவன் நிமிர்ந்தான். மேலே அந்த வெள்ளை முகம் கண் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் காட்டு இருட்டு. இவ்வளவு பெரியதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் ஆகவில்லை.

"நான் நூறு வாங்கலை" என்றான். "ஒரு கணக்கு தப்பாப் போச்சு. முக்கா ரூவாய்க்கு எழுபத்தஞ்சுன்னு போடாம பன்னெண்டுன்னு போட்டுட்டேன். அன்னைக்கே தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு."

நாயனக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்தார். குலவை போடுகிறவர்கள் வாயை மூடினார்கள். மரத்துக்குத் தோள் கொடுத்து நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட முடியாமல், தலை சாய்ந்தபடி நின்றார்கள்.

"அடப்பாவி, இதை நேத்துச் சொல்லக் கூடாதாடா?" என்றார் கருப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப மரம் என் தோள்ல இருக்கே."

"நூறுன்னே வச்சுக்கிட்டுப் போவோம் வேளாரே. யாருக்குத் தெரியப்போகுது?" என்று கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"இத்தனை பேரு காதுல விழுந்தது அய்யன் காதுல விழாதா?" என்றார் வேளார். "உள்ள போக முடியாது. கீழ வைக்கவும் முடியாது. அய்யாக்கண்ணு, நேந்துக்கிட்டவரு நீங்க. அய்யன் ஒங்களுக்கு என்ன குடுத்தாரு? நடந்ததைச் சொல்லுங்க. எதுக்குப் புரவி?"

ஆவுடை அப்போதுதான் அப்பாவைப் பார்த்தான். மரம் கழுத்தை அழுத்தி நரம்பு புடைத்திருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவருடைய முகத்தை ஊர் முன்னால் கிழித்துப் போட்டோமே என்று ஆவுடை நினைத்தான். செத்துப்போகலாம் போல இருந்தது.

"மச்சான், போன வருஷம் மயிலைக் காளை பொழைச்சுச்சே, அதைச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து கருப்பன் எடுத்துக் கொடுத்தார்.

"அதுக்குச் சேவல் குடுத்தாச்சு."

"கெணத்துல தண்ணி வந்துச்சே."

"பொங்க வச்சாச்சு."

"என் தங்கச்சிக்கு மஞ்சக்காமாலை எறங்குச்சே."

"அதுக்கு மணி கட்டியாச்சுப்பா."

வாங்கினதையெல்லாம் அப்போதைக்கப்போது தீர்த்துவிடுகிற மனிதர். ஒரு பாக்கி கிடையாது. இப்போது அதுவே வினையாக வந்து நின்றது. பின்மரத்தில் ஒருவருக்குக் கால் தடுமாறியது, குதிரை ஒருபக்கம் சாய்ந்தது, பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். அந்த வெள்ளைத் தலை எல்லோர்மேலும் கவிழ்ந்து, ஊசலாடி, மெல்ல நிமிர்ந்தது. ஒருவரும் தோளை எடுக்கவில்லை. விழுந்தால் நசுங்கிப்போவோம் என்று அத்தனை பேருக்கும் தெரியும், ஆனாலும் ஒருவரும் எடுக்கவில்லை. தன் ஒரு பன்னிரண்டைத் தூக்கிக்கொண்டு ஊரே இப்படி நிற்கிறதே என்று ஆவுடை வாய் பிளந்து நின்றான்.

அய்யாக்கண்ணு தலையைத் தூக்கினார். மகனைப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஏதோ ஒரு பிள்ளையை, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதுபோல உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். ஈர வேட்டி, ஒடுங்கிய நெஞ்சு, அழுத கண். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேளாரே" என்றார். "ஒண்ணு பாக்கி இருக்கு. இவன் பொறந்தப்ப ஊருல அரிசி இல்ல. உலகச் சண்டைக் காலம். அய்யனுக்கு அப்பறம் செஞ்சுக்கலாம்னு இருந்தேன். அப்பறம் மறந்தே போனேன்."

வேளார் மைக்கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"எதுக்குப் புரவி?"

"இந்தப் புள்ளையக் குடுத்ததுக்கு."

பின்னாலிருந்து கருப்பன், மூச்சு முட்ட, "புள்ளை குடுத்ததுக்கு" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர் கத்தினார். தோள் கொடுத்த அத்தனை ஆண்களும், தாங்கள் பெற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, ஒரே குரலாகச் சொன்னார்கள். கொட்டு விழுந்தது, குலவை கிளம்பியது. வேளார் ஏணியில் ஏறி மையைத் தொட்டு முதலில் வலக்கண்ணைத் திறந்தார், பிறகு இடக்கண்ணை. கருப்பு வட்டத்துக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் மறுபடி கருப்பு. குதிரை விழித்துக்கொண்டு அவ்வளவு பேரையும் பார்த்தது. ஆவுடை கை கூப்பியவன் கூப்பியபடியே நின்றான், நகரத் தோன்றவில்லை.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற" என்றார் அப்பா. "ஆவுடை, இங்கிட்டு வா. எனக்குத் தோள் போகுது. வந்து புடி."

அவன் ஓடி முன்மரத்துக்குள் தலையைக் கொடுத்தான். அப்பாவின் தோளோடு தோள் ஒட்டி, இருவரும் எல்லைக்கல்லைத் தாண்டினார்கள்.